மூவாயிரம் ரூபாய்க்கு இயற்பியல் வினாத்தாள்

கொளத்தூரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார், பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு. மகன் தனியார் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு, ஸ்டேட் போர்டு, பயாலஜி குரூப், கூடவே நீட்டுக்கும் தயாராகிறான். டியூஷன் பிள்ளைகளின் பெற்றோர் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தந்தை ஒரு யோசனை சொல்லியிருக்கிறார்: டெலிகிராமில் ஒரு சேனல் இருக்கிறது, பொதுத்தேர்வு இயற்பியல் பேப்பரை முந்தின நாள் ராத்திரியே தந்துவிடுவார்கள், ஆளுக்கு 3,000 ரூபாய் போட்டால் வாங்கிவிடலாம். போன பரீட்சைக்கு அவர்கள் கொடுத்தது அப்படியே வந்தது என்று ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் காட்டியிருக்கிறார். ஏழெட்டுப் பேர் உடனே சரி சொல்லிவிட்டார்களாம். இவருடைய வீட்டுக்காரரும், "எல்லாரும் வாங்கும்போது நம்ம பையன் மட்டும் ஏன் பின்தங்கணும்" என்கிறார். இதற்கிடையில் பள்ளியில் யாரோ, "ஒரு மார்க் கேள்வியைப் பத்திக் கவலைப்படாதீங்க, சென்டர்ல பார்த்துக்குவாங்க" என்று வேறு சொல்லி வைத்திருக்கிறார்கள். அவர் கேட்பது மூன்று: இந்தப் பேப்பர் உண்மையா, புகார் கொடுத்தால் பையனுக்கு ஏதாவது ஆகுமா, நீட்டில் இவ்வளவு நடந்த பிறகு நேர்மையாகப் படித்து என்ன பயன்.

சகோதரி, முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. வாங்காதீர்கள், அது வினாத்தாள் இல்லை. ஆனால் உங்கள் வீட்டுக்காரரை இந்த ஒரு வரி சமாதானப்படுத்தாது என்று தெரியும், அதனால் ஏன் என்று கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான், பொதுத்தேர்வு மையங்களில் முதன்மைக் கண்காணிப்பாளர் வேலையும் பார்த்திருக்கிறேன், அதனால் அந்தக் கட்டு எங்கிருந்து எப்படி வருகிறது என்பது எனக்குப் பழக்கமான விஷயம்.

நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், நாம் இன்னும் டி.பி.ஐ. என்றே சொல்லிக்கொண்டிருக்கும் வளாகத்தில்தான் அரசுத் தேர்வுகள் இயக்ககம் இருக்கிறது. அச்சடித்து முத்திரை வைத்த வினாத்தாள் கட்டுகள் மாவட்டங்களில் உள்ள கட்டுக்காப்பு மையங்களுக்குப் போகும், அங்கே ஆயுதம் ஏந்திய போலீஸ் காவல் இருக்கும். தேர்வு நாள் காலையில்தான் வழித்தட அலுவலர் அன்றைய பாடத்தின் கட்டை மட்டும் வண்டியில் எடுத்துக்கொண்டு மையம் மையமாகக் கொடுத்துக்கொண்டே வருவார். மையத்தில் முதன்மைக் கண்காணிப்பாளரும் துறை அலுவலரும் சேர்ந்து முத்திரையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். எந்த அறைக்கு எந்த ஆசிரியர் என்பதே அன்று காலை குலுக்கல் போட்டால்தான் தெரியும், அன்றைய பாடத்தை நடத்துகிற ஆசிரியரை அன்றைக்கு அறைக்குள் விடுவதில்லை. அறைக்குள் போன பிறகும் உறையைப் பிள்ளைகளிடம் காட்டி, பிரிக்கப்படாமல் இருக்கிறது என்று இரண்டு மாணவர்களிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் பத்து மணிக்குப் பிரிப்பார்கள். பத்து நிமிடம் படிக்க, ஐந்து நிமிடம் முகப்புத்தாள் விவரம் சரிபார்க்க, 10.15-க்கு எழுத ஆரம்பம். தம்பி முதல் பரீட்சை எழுதிவிட்டு வந்ததும் கேட்டுப் பாருங்கள், அந்தக் கையெழுத்துப் போட்டவனின் பெயரைக்கூடச் சொல்வான்.

இந்த ஏற்பாட்டில் ஓட்டையே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. ஓட்டை விழுந்திருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் அந்த ஓட்டை வழியாக வெளியே வருகிற பேப்பர், முகம் தெரியாத ஆயிரம் பேர் இருக்கும் டெலிகிராம் சேனலுக்கு 3,000 ரூபாய் விலையில் வந்து சேர்வதில்லை.

அந்தச் சேனல்காரன் எப்படிப் பிழைக்கிறான் என்று பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும். டெலிகிராம் சேனலில் ஒரு பதிவைப் போட்டவனே பின்னால் அதைத் திருத்தலாம், படத்தையே மாற்றி வைக்கலாம், ஆனால் முதலில் போட்ட தேதியும் நேரமும் அப்படியே நிற்கும். ஆகவே தேர்வுக்கு முந்தின நாள் ராத்திரி எதையோ ஒரு படத்தைப் போட்டு வைப்பான். மறுநாள் தேர்வு முடிந்து மாணவர்கள் வெளியே வந்ததும் உண்மையான வினாத்தாளைப் படம் எடுத்து, பழைய பதிவில் மாற்றிச் செருகிவிடுவான். இப்போது பார்த்தால் முந்தின நாள் ராத்திரியே பேப்பர் போட்டுவிட்டான் என்றுதான் தோன்றும். திருத்தப்பட்டது என்று சின்னதாக ஒரு குறிப்பு இருக்கும், ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது அதை வெட்டிவிட்டால் முடிந்தது. உங்கள் குழுவில் அந்தத் தந்தை, 'போன பரீட்சைக்கு இவங்க கொடுத்தது அப்படியே வந்திருக்கு பாருங்க' என்று ஆதாரம் காட்டினார் அல்லவா, அது பெரும்பாலும் இந்த வகைதான்.

இந்த வித்தையில் சாதாரணப் பெற்றோர் மட்டும்தான் ஏமாறுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். 2024 ஜூன் 18-ஆம் தேதி நடந்த யு.ஜி.சி. நெட் தேர்வை, அதாவது கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வை, மறுநாளே மத்திய அரசு ரத்து செய்தது, ஒன்பது லட்சம் பேருக்கு மேல் எழுதிய தேர்வு. வினாத்தாள் முன்கூட்டியே வெளியானதாக டெலிகிராமில் ஒரு ஸ்கிரீன்ஷாட் சுற்றியதுதான் காரணம். பிறகு சி.பி.ஐ. விசாரித்தபோது அந்த ஸ்கிரீன்ஷாட் தேர்வுக்கு முன்னால் எடுத்தது போலத் தெரிய வேண்டும் என்று திருத்தப்பட்டது, ஒரு பள்ளி மாணவன் செய்த வேலை என்று தெரிந்தது. அதற்குள் தேர்வு போயே போய்விட்டது, எல்லாரும் மறுபடி எழுதினார்கள். ஒரு பொய்ப் படம் மத்திய அமைச்சகத்தையே ஆட்டி வைத்திருக்கிறது என்றால் கொளத்தூர் டியூஷன் குழு எம்மாத்திரம்.

இன்னொரு வழியும் வைத்திருப்பார்கள், நம் ஸ்டேட் போர்டுக்கென்றே பொருந்துகிற வழி. 'கன்ஃபார்ம்டு' என்று அறுபது எழுபது கேள்வி கொண்ட ஒரு பி.டி.எஃப். தருவார்கள். நம் பொதுத்தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்விகளில் நிறைய பாடநூலின் பின்பக்கப் பயிற்சியிலிருந்தே வரும், ஐந்து மதிப்பெண் கேள்விகளிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறவை இருக்கின்றன, அதெல்லாம் எந்த டியூஷன் மாஸ்டருக்கும் தெரியும். அறுபது கேள்வி கொடுத்தால் அதில் பத்துப் பன்னிரண்டு வரத்தான் செய்யும். மறுநாள் சாயங்காலம் குழுவில், 'சார் சொன்னபடியே வந்துச்சு' என்று ஒருவர் போடுவார், அடுத்த பாடத்துக்கு இருபது பேர் பணம் கட்டுவார்கள். பத்துப் பேருக்குப் பத்து விதமாகப் பலன் சொல்லிவிட்டு, பலித்தவனை மட்டும் சாட்சிக்குக் கூப்பிடுகிற ஜோசியரைப் பார்த்ததில்லையா, அதே கணக்கு.

உங்கள் வீட்டுக்காரரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். தேர்வு முடிந்து, பேப்பரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அப்படியே இருந்தால் மூவாயிரம் இல்லை பத்தாயிரம் தருகிறோம் என்று சொன்னால் அந்தச் சேனல்காரன் ஒத்துக்கொள்வானா? கையில் நிஜமாகவே பேப்பர் இருக்கிறவனுக்கு அதில் லாபம்தானே. (போய் உண்மையிலேயே கேட்டுப் பார்த்துவிடாதீர்கள், யோசித்துப் பார்க்கத்தான் சொல்கிறேன். அவனோடு பேச்சே வேண்டாம். உங்கள் நம்பர் அவன் கையில் போனால், பேப்பர் கேட்டதைப் பள்ளிக்குச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டி மேலும் பணம் கேட்பதும் உண்டு. போலீசுக்குப் போகத் தயங்குவீர்கள் என்று அவனுக்குத் தெரியும்.)

பணம் போவதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. அந்த பி.டி.எஃப். ராத்திரி பதினொரு மணிக்கு வரும். அதுவரை ஒழுங்காகத் திருப்புதல் செய்துகொண்டிருந்த பையன், மின்னியலும் ஒளியியலும் பாதியில் விட்டுவிட்டு, வந்த அந்தக் கேள்விகளை மட்டும் ஒரு மணி வரை கண்ணெரிய மனப்பாடம் செய்வான். காலையில் கேள்வித்தாளை வாங்கிப் புரட்டும்போது அதில் முக்கால்வாசி இல்லை என்று தெரிகிற அந்தப் பத்து நிமிடம் இருக்கிறதே, அதில் நன்றாகப் படித்த பிள்ளைகள்கூட உடைந்து போவதை நான் பார்த்திருக்கிறேன். தெரிந்த கணக்கும் அப்போது கைக்கு வராது. உங்கள் கடிதத்தில் எல்லாருடைய பேச்சும் இருக்கிறது, தம்பி என்ன சொல்கிறான் என்று ஒரு வரிகூட இல்லை. அவனிடம் கேட்டீர்களா? அவனுக்கு இந்த விஷயம் உங்களுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும், நண்பர்கள் இருக்கிறார்கள் அல்லவா. நமக்கு அந்தப் பேப்பர் வேண்டாம், நீ படித்ததே போதும் என்று அப்பா வாயால் அவன் கேட்க வேண்டும், நீங்கள் சொன்னால் மட்டும் போதாது.

சரி, நிஜமாகக் கசிந்தவை எப்படிக் கசிந்தன? மூன்றைச் சொல்கிறேன், மூன்றிலும் ஒரே சங்கதிதான்.

2018-இல் சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்புப் பொருளாதாரப் பேப்பர் வெளியானது. இமாசலப் பிரதேசத்தின் ஊனா என்ற ஊரில், தேர்வு மையப் பொறுப்பில் இருந்த ஒரு ஆசிரியர், வங்கிப் பெட்டக அறையில் வைத்திருந்த வேறு பாடத்தின் கட்டை எடுக்கப் போனபோது பொருளாதாரக் கட்டையும் சேர்த்து எடுத்துவிட்டார், அதைக் கையால் எழுத வைத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார் என்றது போலீஸ். அவர் செய்த காரியத்துக்காக நாடு முழுக்க, சென்னையில் இருந்த ஒரு பாவமும் அறியாத பிள்ளைகள் உட்பட, ஏப்ரல் 25 அன்று மறுபடி உட்கார்ந்து எழுதினார்கள். பத்தாம் வகுப்புக் கணக்குப் பேப்பரும் அதே வாரம்தான், அதற்கு மட்டும் மறுதேர்வு வேண்டாம் என்று பிறகு விட்டுவிட்டார்கள்.

அப்புறம் 2024 நீட். மே 5-ஆம் தேதி தேர்வு மதியம் இரண்டு மணிக்கு. அன்று காலை எட்டு மணிக்கு மேல், ஜார்க்கண்டின் ஹசாரிபாகில் ஒரு மையப் பள்ளியின் அறைக்குள், பள்ளி முதல்வர், துணை முதல்வர் உதவியோடு ஒரு ஆள் புகுந்து, பெட்டியைத் திறந்து வினாத்தாளைப் படம் எடுத்தான் என்பது சி.பி.ஐ. கண்டது. முதல்வர்தான் அந்த ஊருக்கே தேர்வு ஒருங்கிணைப்பாளர், துணை முதல்வர் மையக் கண்காணிப்பாளர். மருத்துவ மாணவர்களை உட்கார வைத்து விடை எழுத வைத்து, லட்சக்கணக்கில் பணம் தர ஒத்துக்கொண்டவர்களுக்கு மட்டும் பாட்னாவிலும் ஹசாரிபாகிலும் கொடுத்தார்கள், மனப்பாடம் ஆனதும் எரித்துவிட்டார்கள். பாட்னாவில் பாதி எரிந்து கிடந்த துண்டில் இருந்த வரிசை எண்ணை வைத்துத்தான் அது எந்தப் பள்ளியின் பேப்பர் என்று பிடித்தார்கள்.

மூன்றாவது நம் ஊர்க் கதை. 2015 மார்ச்சில் ஓசூரில் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத் தேர்வு நடந்துகொண்டிருக்கும்போதே, அறைக் கண்காணிப்பில் இருந்த தனியார் பள்ளி ஆசிரியர் வினாத்தாளைப் படம் எடுத்து சக ஆசிரியர்களுக்கு வாட்ஸ்அப் செய்தார். ஆசிரியர்கள் கைதானார்கள்.

மூன்றிலும் பூட்டை உடைத்தவன் வெளியாள் இல்லை, சாவி வைத்திருந்தவன், அல்லது அவன் கதவைத் திறந்து உள்ளே விட்ட ஆள். மூன்றிலும் பேப்பர் முதலில் கை மாறியது தெரிந்தவர்களுக்குள்ளேதான், பெரிய தொகை புழங்கியது நீட்டில்தான். அதனால்தான் உங்கள் கடிதத்தில் டெலிகிராம் பற்றிப் படித்தபோது எனக்கு அலுப்புத்தான் வந்தது, "சென்டர்ல பார்த்துக்குவாங்க" என்ற வரியைப் படித்தபோதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நீங்கள் அதைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முழுக் கடிதமும்.

ஏனென்றால் அது நடக்கக்கூடியது. நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பேனர் கட்ட வேண்டிய பள்ளிக்கு, இயற்பியலில் பதினைந்து ஒரு மதிப்பெண் கேள்வி என்பது கண்ணுக்கு உறுத்துகிற விஷயம். எழுத்துத் தேர்வே எழுபதுக்குத்தான். மையப் பொறுப்பில் இருப்பவருக்கு நல்ல சாப்பாடு, நல்ல கவனிப்பு, பிறகு மெதுவாக ஒரு வேண்டுகோள். இளம் ஆசிரியர்கள் சங்கடப்பட்டு நிற்பார்கள். சிலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அந்தச் சிலரில் யாரும் தன்னைத் திருடன் என்று நினைப்பதில்லை, பாவம் பிள்ளைகளுக்கு உதவி என்றுதான் நினைப்பு. இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. ராப்பகலாகப் படித்த ஒரு பெண் பக்கத்து மையத்தில் பதினொன்று சரியாகப் போட்டுவிட்டு வருவாள், இங்கே ஒன்றும் படிக்காதவன் பதினைந்தும் வாங்குவான்.

உங்களுக்கு நேரடியாகப் படுகிற இடம் வேறு. 2023-இல் நீலகிரி மாவட்டத்தில் ஒரு மையத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத் தேர்வில் ஆசிரியர்கள் உதவினார்கள் என்று புகார். ஆசிரியர்கள்மேல் நடவடிக்கை வந்தது, அதோடு நிற்கவில்லை: முடிவு வந்த நாளில் அங்கே எழுதிய 34 மாணவர்களுக்குக் கணித மதிப்பெண் வெளியாகவில்லை, நிறுத்தி வைத்துவிட்டார்கள். மற்ற ஊர்ப் பிள்ளைகள் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அத்தனை பேரும் உதவி வாங்கியவர்களா என்ன? ஒரு அறையில் நடந்ததற்கு மொத்தப் பேரும் காத்திருக்க வேண்டி வந்தது. நாளைக்கு உங்கள் மையத்தில் ஒரே மாதிரி தவறான விடை இருபது தாளில் வந்து, திருத்தும் முகாமில் யாராவது கவனித்து எழுதி வைத்தால், தம்பி அந்த இருபதில் ஒருவனாக இருக்கக்கூடாது என்பதுதான் என் கவலை.

தம்பிக்கு இதைச் சொல்லி வையுங்கள். அறையில் யாராவது விடை சொன்னால் நிமிர்ந்து பார்க்க வேண்டாம், தன் தாளை எழுதிக்கொண்டே இருக்கட்டும். எழுந்து நின்று தட்டிக் கேட்டு வீரம் காட்டுவது அவன் வேலை இல்லை. ஒரே ஒரு சமயத்தில் மட்டும் வாய் திறக்க வேண்டும்: பிட் ஏதாவது அவன் மேஜையிலோ காலடியிலோ வந்து விழுந்தால் உடனே கையைத் தூக்கிக் கண்காணிப்பாளரிடம் சொல்லிவிட வேண்டும், பறக்கும் படை வந்து கண்டுபிடிக்கும்வரை வைத்திருக்கக் கூடாது. வந்த பிறகு, 'இது என்னுடையது இல்லை' என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். செல்போன், ஸ்மார்ட் வாட்ச் வீட்டிலேயே இருக்கட்டும், பையில் அணைத்து வைத்திருந்தேன் என்பதெல்லாம் செல்லாது.

புகார் கொடுத்தால் பையனுக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டீர்கள். பொதுத்தேர்வு விடைத்தாளில் பள்ளியால் கை வைக்க முடியாது. போட்டோவும் பார்கோடும் உள்ள முகப்புத்தாளைக் கிழித்து எடுத்த பிறகுதான் தாள் திருத்துகிறவர் கைக்குப் போகும், யாருடையது என்று அவருக்குத் தெரியாது. பள்ளியின் கையில் இருப்பது அகமதிப்பீட்டுப் பத்து மதிப்பெண், செய்முறைத் தேர்விலும் கொஞ்சம் செல்வாக்கு. உங்கள் பயம் அதுவாக இருந்தால் அது வெறும் பயம் இல்லை, நியாயமானதுதான். ஆனால் செய்முறையும் அகமதிப்பீடும் எழுத்துத் தேர்வுக்கு முன்பே முடிந்து மதிப்பெண்ணும் மேலே போய்விடும். அதுவரை பொறுத்திருந்து, அதன் பிறகு சொன்னால் போதும்.

எங்கே சொல்வது? பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 இருக்கிறது, சென்னை முதன்மைக் கல்வி அலுவலருக்கும் எழுதலாம். பையன் பெயர், உங்கள் பெயர் எதுவும் தேவையில்லை. எந்தப் பள்ளி, அந்தப் பள்ளிப் பிள்ளைகள் எந்த மையத்தில் எழுதுகிறார்கள், என்ன சொன்னார்கள், எந்தத் தேதியில் சொன்னார்கள், இவ்வளவு போதும். 'அந்தப் பள்ளியே மோசம்' என்று நாலு பக்கம் எழுதினால் அது கோப்பில் போய்ப் படுத்துக்கொள்ளும். மையமும் பாடமும் தேதியும் குறிப்பிட்டுச் சொன்னால், அன்று காலை அந்த மையத்துக்குப் பறக்கும் படை சீக்கிரம் போக வாய்ப்பு இருக்கிறது, நிலையான படையையே அங்கே உட்கார வைக்கவும் முடியும். நடந்த பிறகு பிடிப்பதைவிட, யாரோ கவனிக்கிறார்கள் என்று மையத்துக்குத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் இருக்கட்டும். அந்த டெலிகிராம் பி.டி.எஃப். உங்கள் போனுக்கு வந்து சேர்ந்தால், 'இது உண்மையா பாருங்க' என்று கேட்பதற்காகக்கூட இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள். விசாரணை என்று வந்தால் யார் யாருக்கு அனுப்பினார் என்ற சங்கிலியைத்தான் முதலில் பார்ப்பார்கள், நல்லெண்ணத்தில் அனுப்பியதா விற்க அனுப்பியதா என்று போனுக்குத் தெரியாது.

கடைசியாக நீட். நேர்மையாகப் படித்து என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். நீட் வேண்டுமா வேண்டாமா என்பது தமிழ்நாட்டில் தனி வழக்கு, அதை இங்கே இழுக்கவில்லை. தம்பி எழுதப் போகிறான், அவ்வளவுதான் நமக்கு. 2024-இல் நடந்தது வெட்கக்கேடு. 67 பேர் 720-க்கு 720, 1,563 பேருக்குக் கருணை மதிப்பெண் கொடுத்துப் பிறகு திரும்பப் பெற்றது, மறுதேர்வு, நீதிமன்றம் என்று தேர்வு நடத்தியவர்கள் படுத்திய பாட்டில் பிள்ளைகளுக்கு நம்பிக்கை போனது நியாயமே. ஆனால் பேப்பர் கசிவின் அளவு வேறு. எழுதியவர்கள் 23 லட்சத்துக்கு மேல். ஹசாரிபாக், பாட்னா கசிவால் பயன் பெற்றவர்களாக விசாரணையில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த எண்ணிக்கை 155. அந்த 155-ம் தவறுதான், ஒன்றாக இருந்தாலும் தவறுதான். ஆனால் உங்கள் மகனுக்கு இடம் கிடைக்குமா என்பதை முடிவு செய்வது அந்த 155 பேர் இல்லை, அவன் பயாலஜியில் விடுகிற கேள்விகள்தான். நாடு முழுக்கப் பேப்பர் பரவியதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லித்தான் நீதிமன்றமும் மொத்த மறுதேர்வை மறுத்தது.

பிடிபட்டவர்களுக்கு என்ன ஆனது என்பதையும் வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள். 2024 வழக்கில் சிக்கிய மாணவர்கள் பலருக்கு மூன்று ஆண்டு வரை நீட் எழுதத் தடை. 2019-இல் தேனி மருத்துவக் கல்லூரியில் ஆள்மாறாட்டம் வெளியானதே, சென்னைப் பையனுக்காக மும்பையில் வேறொருவன் எழுதியது, இடம் கிடைத்துக் கல்லூரியில் சேர்ந்த பிறகு போட்டோ ஒத்துப்போகவில்லை என்று மாட்டி, அப்பாவும் மகனும் கைதானார்கள். அப்பா மருத்துவர். அதன் பிறகு 2024 ஜூன் 21 முதல் பொதுத்தேர்வு முறைகேடு தடுப்புச் சட்டம் அமலில் இருக்கிறது, நீட் அதன் கீழ் வரும். பேப்பர் கசியவிடுகிறவர்களுக்கு மூன்றிலிருந்து ஐந்து ஆண்டு சிறை, 10 லட்சம் வரை அபராதம். கூட்டாகத் திட்டமிட்டுச் செய்தால் பத்து ஆண்டு வரை, அபராதம் ஒரு கோடிக்குக் குறையாது. நம் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு அந்தச் சட்டத்தின் பட்டியலில் இல்லை, அது என்னைக் கேட்டால் பெரிய குறை. என்றாலும் ஓசூரில் கைது செய்ய அந்தச் சட்டம் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நீட் பேப்பர் தருகிறேன் என்றும் டெலிகிராமில் வருவார்கள், இவர்களே பெயர் மாற்றிக்கொண்டு வந்தாலும் வரலாம். 2025 தேர்வுக்கு முன் நீட்டை நடத்தும் தேசியத் தேர்வு முகமை இதற்கென்றே புகார்ப் பக்கம் திறந்தபோது 106 டெலிகிராம் சேனல்களையும் 16 இன்ஸ்டாகிராம் பக்கங்களையும் பொய் என்று அடையாளம் கண்டு முடக்கச் சொல்லி அனுப்பினார்கள். அப்படி ஏதாவது வந்தால் இணைப்பைப் பிரதி எடுத்து முகமைக்கு அனுப்பிவிட்டு அழித்துவிடுங்கள்.

அந்தக் குழுத் தந்தையை மட்டும் குழுவில் வைத்துக் கேள்வி கேட்காதீர்கள். அவர் திருடர் இல்லை, பயந்துபோன ஒரு அப்பா, நாலு பேர் பார்க்கக் கேட்டால் வீம்புக்கு வாங்கியே தீருவார். போனில் கூப்பிட்டு பழைய பதிவில் படத்தை மாற்றும் அந்த வித்தையை மட்டும் சொல்லுங்கள். முடிந்தால் உங்கள் வீட்டுக்காரர் பேசட்டும், அவர் வாயால் சொல்லும்போது அவருக்கும் உறைக்கும். ஏற்கெனவே யாராவது பணம் அனுப்பியிருந்தால் வெட்கப்பட்டு உட்கார வேண்டாம், உடனே 1930-க்கு அடித்துச் சொல்லச் சொல்லுங்கள், ஜிபே செய்த பரிவர்த்தனை எண், அனுப்பிய நேரம், அந்தச் சேனலின் பெயர் கையில் இருக்கட்டும். சில மணி நேரத்துக்குள் சொன்னால் அந்தக் கணக்கில் பணம் இருக்கும்போதே முடக்க வாய்ப்பு உண்டு, மறுநாள் சொன்னால் அது நாலு கணக்கு தாண்டியிருக்கும்.